கழுத்து மாறினால் குரல் மாறுமா?

சென்ற ஆண்டு மறைந்த நண்பர் ஒருவரின் டெனர் சாக்சபோன் இப்போது என்னிடம் இருக்கிறது. மெல்லிசைக் குழுக்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊதியவர் அவர்; வயதில் மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணன். கருவியைப் பெட்டியோடு என் கையில் கொடுத்தபோது அண்ணி ஒன்றே ஒன்றைக் கேட்டார்: “முதலாண்டு நினைவு நாளில் இதை நீங்கள் ஊத வேண்டும், தம்பி. அவர் ஊதுகிற மாதிரி ஒரு தடவை காதால் கேட்டால் போதும்.”

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். சாக்சபோன் எனக்கு மாலைநேரத் துணை. மறுக்க மனம் வரவில்லை. ஆனால், நினைவு நாளுக்கு மூன்று மாதங்கள் இருந்தபோது, ஒத்திகைக் கூடத்தில் மின்கம்பியில் யாரோ கால் இடற, நிறுத்தத்தில் இருந்த கருவி முகங்குப்புறச் சாய்ந்தது. உடலுக்குச் சேதமில்லை. கழுத்து மட்டும் கீழ்நோக்கி வளைந்துவிட்டது. பழையதை நிமிர்த்துவதைவிடப் புதியதை வாங்குவது மேல் என்றார்கள். ‘காற்று தாராளமாகப் போகும், ஒலி செறிவாக வரும்’ என்ற விளம்பரத்தை நம்பி, ஓய்வூதியத்தில் கணிசமான தொகையைச் செலவிட்டு ஒரு மாற்றுக் கழுத்தை வரவழைத்தேன்.

முதல் நாள் மகிழ்ச்சியாகவே இருந்தது. கீழ்ச்சுரங்கள் முழங்கின. இரண்டாம் நாள் குழுவோடு ஊதியபோது, கீபோர்டு வாசித்த இளைஞர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், மேலே போகப் போகச் சுருதி ஏறுகிறது.” ட்யூனர் செயலியை வைத்துப் பார்த்தேன். கீழ் ஸ்தாயி சரியாக இருந்தது. மேல் ஸ்தாயியின் உச்சிச் சுரங்களோ 25 சென்ட் வரை ஏறியிருந்தன. ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கே சென்ட். கால்பங்கு அரைச்சுரம் என்பது பயிற்சியில்லாத காதையும் உறுத்தும் பிழை. வளைந்த ஒரு பித்தளைத் துண்டு இத்தனை வேலை செய்யுமா என்ற வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

முனை வெட்டப்பட்ட கூம்பு

தமிழர்களில் பலருக்குச் சாக்சபோன் என்றதும் நினைவுக்கு வருவது, 1994இல் வெளிவந்த ‘டூயட்’ படத்தில் ஒலித்த கத்ரி கோபால்நாத்தின் ஆல்டோ சாக்சபோன். டெனர் அதற்கு அண்ணன். உருவில் பெரிது, குரலில் தாழ்ந்தது. இரண்டையும் உள்ளடக்கிய குடும்பத்துக்கு பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்றார். டெனரில் ‘கழுத்து’ எனப்படுவது, வாயில் வைக்கும் ஊதுமுனைக்கும் கருவியின் உடலுக்கும் இடையே அன்னத்தின் கழுத்துபோல் வளைந்திருக்கும் தனிக்குழாய். கழற்றி மாட்டக்கூடியது. அதனால்தான் அதை வேறொன்றால் மாற்றலாம் என்ற ஆசையும் பிறக்கிறது.

சாக்சபோனின் உள்துளை ஒரு நீண்ட கூம்பு. வளைவுகளையெல்லாம் நீட்டி நிமிர்த்திப் பார்த்தால், மணிவாயிலிருந்து மேலே செல்லச் செல்ல அது சீராக ஒடுங்கும். டெனரின் மிகத் தாழ்ந்த சுரம் நொடிக்குச் சுமார் 104 அதிர்வுகள் கொண்டது. அதற்குரிய கூம்பின் பயன்நீளம், கூர்முனை வரை கணக்கிட்டால், சுமார் 1.65 மீட்டர். ஆனால், கூர்முனையில் வாய்வைத்து ஊத முடியாது. எனவே, முனையை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஊதுமுனையைப் பொருத்துகிறோம். வெட்டப்பட்ட கூம்புப் பகுதியின் கனஅளவுக்கு ஈடான கனஅளவு ஊதுமுனைக்குள் இருந்தால்தான், காற்றுத்தம்பம் ‘நான் முழுக் கூம்பு’ என்று நம்பி அதிரும். அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் பெனேட், 1976இல் வெளியிட்ட தம் இசை ஒலியியல் நூலில் இதை விரிவாக விளக்கியிருக்கிறார்.

கூர்முனை எங்கே இருப்பதாகக் காற்று ‘நம்ப’ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே கழுத்துதான். அதன் மேல்வாய் சற்று அகன்றாலோ, சரிவு சற்று மாறினாலோ, வெட்டப்பட்ட பகுதியின் கனஅளவும் மாறும். பழைய கழுத்துக்குப் பொருந்திய ஊதுமுனை புதியதற்குப் பொருந்தாமல் போவதன் முதற்காரணம் இது. நாதசுரக் கலைஞர்களுக்கு இது புதிய செய்தியல்ல. சீவாளிக்கும் உலவுக்கும் இடையிலுள்ள சிறு உலோகக் கெண்டையை மாற்றினால் என்ன ஆகும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். நாதசுரமும் கூம்புக் குழல்தானே.

மேலே மட்டும் ஏன் பிழை?

கழுத்து நீண்டாலோ குறுகினாலோ எல்லாச் சுரமும் ஒரே அளவில் இறங்கும் அல்லது ஏறும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அப்படி நிகழ்வதில்லை. விரல்களால் எல்லாத் துளைகளையும் மூடி ஊதும் கீழ்ச்சுரத்துக்கு ஏறத்தாழ முழுக்குழாயும் பயன்படுகிறது. விரல்களை எடுக்க எடுக்கப் பயன்படும் குழாய் குறுகுகிறது. நீண்ட குழாயில் கழுத்து ஒரு சிறு பகுதி. குறுகிய குழாயிலோ அதுவே பெரும்பகுதி. எனவே, கழுத்தில் செய்யப்படும் ஒரு மாற்றம் கீழ்ச்சுரத்தை லேசாகவும், குறுங்குழாய்ச் சுரங்களைக் கடுமையாகவும் தாக்குகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. குழலுக்குள் காற்று அதிரும்போது சில இடங்களில் அழுத்தம் மிகுதியாக மாறுகிறது. சில இடங்களில் அழுத்தம் மாறாமல் காற்று மட்டும் முன்னும் பின்னும் வேகமாக ஓடுகிறது. அழுத்தம் மிகுந்த இடத்தில் குழலை அகலமாக்கினால் சுருதி இறங்கும். காற்று வேகமாக ஓடும் இடத்தில் அகலமாக்கினால் சுருதி ஏறும். கீழ் ஸ்தாயியில் ஊதும்போது கழுத்து முழுவதும் அழுத்தம் மிகுந்த பகுதி. அதே விரலமைப்பில் மேல் ஸ்தாயிக்குத் தாவும்போது, உச்சிச் சுரங்களுக்குக் கழுத்தின் கீழ்ப்பகுதி வேகம் மிகுந்த பகுதியாகிவிடுகிறது. ஆகவே, கழுத்தின் கீழ்ப்பகுதியைச் சற்று அகலமாக்கினால் கீழ்ச்சுரம் இறங்க, அதன் மேல்ஸ்தாயிச் சுரம் ஏறும். ஸ்தாயியே நீண்டுவிடும். ‘காற்று தாராளமாகப் போகும்’ என்ற விளம்பரத்தின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தத் தாராளத்துக்கு நான் கொடுத்த விலை, சிதைந்த ஸ்தாயி.

ஊதுமுனையை வெளியே இழுத்தால் சரியாகிவிடாதா? இழுத்துப் பார்த்தேன். இழுக்கும்போது முனையில் கனஅளவு கூடுகிறது. உச்சிச் சுரங்கள் இறங்கி வந்தன. ஆனால், கீழ் ஸ்தாயியின் கடைசிச் சில சுரங்களும் கூடவே இறங்கிவிட்டன. அவையும் குறுங்குழாய்ச் சுரங்கள் அல்லவா? தாழ்ந்த சுரங்களோ அசையவே இல்லை. நோயைக் குணப்படுத்துவதற்குப் பதிலாக அதை வேறு இடத்துக்கு மாற்றியதுதான் மிச்சம். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் பிழையை மறைக்கலாம். பல கலைஞர்கள் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். ஆனால், ஒவ்வொரு சுரத்துக்கும் உதடு காவல் நின்றால், பாட்டுக்கு உயிர் கொடுக்க எதுவும் மிஞ்சாது.

சிறு துளையின் பெரும்பணி

கழுத்தின் முதுகில் ஒரு சிறு துளை இருக்கிறது. ஸ்தாயிச் சாவியை அழுத்தினால் அது திறந்து, கீழ் ஸ்தாயி அதிர்வைக் குலைத்து, காற்றை மேல் ஸ்தாயிக்குத் தாவச் செய்யும். ஒவ்வொரு சுரத்துக்கும் இத்துளை ஒவ்வோர் இடத்தில் இருப்பதே உத்தமம். அது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதால், 16 அல்லது 17 சுரங்களுக்கு இரண்டே துளைகளோடு கருவி சமாதானம் செய்துகொள்கிறது. ‘டி’ முதல் ‘ஜி ஷார்ப்’ வரை உடலிலுள்ள துளை. ‘ஏ’யிலிருந்து மேலே கழுத்திலுள்ள துளை. கழுத்தை மாற்றினால் இந்தச் சமாதான உடன்படிக்கையின் ஒரு தரப்பே மாறிவிடுகிறது. துளையின் இடமும் அளவும் சற்று வேறுபட்டாலும் ‘ஜி’க்கும் ‘ஏ’க்கும் இடையே குரல் உடைந்ததுபோல் கேட்கும்; ‘ஏ’யில் சீறல் ஒலி எழும்.

இதைவிட எளிய பிழைகளும் உண்டு. கழுத்தைச் சுற்றியிருக்கும் சாவிவளையம், உடலிலிருந்து நீளும் ஊசியை எப்போதும் தொட்டுக்கொண்டிருந்தால் துளை முழுதாக மூடாது. கீழ்ச்சுரங்கள் தாமாகவே மேலே தாவும். கழுத்தின் அடிமுனை உடலின் மேல்வாயில் இறுக்கமாக அமராவிட்டால் காற்று கசியும். ஒரே நிறுவனத்தின் கருவிகளில்கூட இந்த விட்டம் மாதிரிக்கு மாதிரி மாறுபடும். திருகை முறுக்கி இறுக்குவது தீர்வாகாது. தேர்ந்த பழுதுபார்ப்பவர் அடிமுனையைச் சிறிது விரித்தோ தேய்த்தோ பொருத்த வேண்டும். கசிகிற நல்ல கழுத்தைவிடக் கசியாத சுமாரான கழுத்து மேலாக ஒலிக்கும்.

ஒலியும் சுருதியும் ஒன்றே

இதுவரை சுருதியைப் பற்றியே பேசினேன். ஆனால், கழுத்தை மாற்றுவோர் தேடுவது சுருதியை அல்ல, ஒலியின் நிறத்தை. இரண்டும் வெவ்வேறு எனக் கருதுவதுதான் இத்துறையின் பெரிய மயக்கம் என்பேன்.

ஒரு சுரம் என்பது தனி அதிர்வன்று. நொடிக்கு 200 அதிர்வுகள் கொண்ட சுரத்தோடு 400, 600, 800 எனும் மேற்சுரங்களும் கலந்தே ஒலிக்கின்றன. குழலின் இயல்பான ஒத்ததிர்வுகள் இந்த மடங்குகளோடு சரியாகப் பொருந்தினால், அவை ஒவ்வொன்றும் நாணல் பட்டையின் அதிர்வுக்குக் கைகொடுக்கும். சுரம் எளிதாகப் பிறக்கும், நிறைந்து ஒலிக்கும், மெல்ல ஊதினாலும் நடுங்காது. இரண்டாவது ஒத்ததிர்வு 400இல் இல்லாமல் 410இல் இருந்தால் அது கைகொடுக்காமல் விலகி நிற்கும். அப்போது சுரம் மந்தமாகவோ முரடாகவோ தோன்றும். ஸ்தாயி சரியாக இருப்பது என்பதும், இந்த ஒத்ததிர்வுகள் ஒழுங்காக அமைவது என்பதும் ஒரே உண்மையின் இரு முகங்கள். ட்யூனரில் பிழையாகத் தெரிவதே காதில் நிறமாகவும் தெரிகிறது.

அப்படியானால், வெள்ளிக் கழுத்து, செம்புக் கழுத்து என்று உலோகத்துக்கேற்ப விலை ஏற்றுகிறார்களே? 1971இல் ஜான் கோல்ட்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் ஒரே உள்ளளவில் செய்யப்பட்ட புல்லாங்குழல்களை வைத்துச் சோதனை நடத்தினார். பார்க்காமல் கேட்டவர்களாலும் ஊதியவர்களாலும் அவற்றை ஒலியைக் கொண்டு வேறுபடுத்த முடியவில்லை. சார்லி பார்க்கர் 1953இல் டொராண்டோவின் மாசி ஹாலில் ஊதியது பிளாஸ்டிக்கால் ஆன ஆல்டோ. ஜாஸ் உலகம் இன்றும் போற்றும் கச்சேரி அது. வேறு உலோகக் கழுத்து வேறு விதமாக ஒலிப்பதாகக் கேட்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால், வெவ்வேறு உலோகத்தை வளைத்து உருவாக்கும்போது உள்ளளவும் நூலிழை மாறிவிடுகிறது. கூம்பின் உச்சியில் நூலிழையும் பெரிதே. பெருமை உலோகத்துக்குப் போகிறது. வேலையைச் செய்ததோ வடிவம்.

சோதிக்கும் முறை

பணத்தைச் செலவிட்டபின் நான் கற்ற பாடங்களை, செலவிடுமுன் பிறருக்குச் சொல்வது கடமை. ஊதுமுனையையும் நாணல் பட்டையையும் மாற்றாமல் கழுத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதலில், ஸ்தாயித் துளை மூடியிருக்க, கழுத்தின் அடிமுனையை உள்ளங்கையால் அடைத்து ஊதிக் கசிவு இல்லையென உறுதிசெய்யுங்கள். ஊதுமுனையும் கழுத்தும் மட்டும் சேர்ந்து, டெனரில் ஏறத்தாழ பியானோவின் ‘ஈ’ சுரத்தைத் தர வேண்டும் என்பது ஆசிரியர்கள் சொல்லும் எளிய அளவுகோல். பிறகு ஒவ்வொரு சுரத்தையும் அதன் மேல்ஸ்தாயியோடு சோடியாக ஊதுங்கள். ட்யூனரை நீங்கள் பார்க்காதீர்கள். இன்னொருவர் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊதினால் உதடு தன்னையறியாமல் பிழையைத் திருத்திவிடும். கருவி சூடாகும் வரை காத்திருங்கள். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். குளிரூட்டிய கடையில் சரியாக இருந்தது திறந்தவெளி மேடையில் சரியாக இருக்காது.

கடைசியாக, நான்கைந்து மீட்டர் தள்ளி ஒலிப்பதிவுக் கருவியை வைத்து ஊதி, எது எந்தக் கழுத்து என்று தெரியாமல் கேளுங்கள். பல்லின் வழியாகவும் எலும்பின் வழியாகவும் ஊதுபவர் கேட்கும் ஒலியைக் கேட்பவர் ஒருபோதும் கேட்பதில்லை. எதிர்ப்பு குறைந்த கழுத்து, ஊதுபவருக்குச் சுகமாக இருக்கலாம். அந்தச் சுகத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால், அது அரங்கின் கடைசி வரிசை வரை போய்ச் சேர்கிறதா என்பது வேறு கேள்வி.

நல்ல மாற்றுக் கழுத்துகளே இல்லையென்று நான் சொல்லவில்லை. பழைய கருவிகளில் பிறவிக் குறையுள்ள கழுத்துக்குப் பதிலாகப் பொருத்தமான ஒன்று கிடைத்து, கருவி மறுபிறவி எடுத்ததும் உண்டு. ஆனால், கழுத்து தனிப்பொருளல்ல. இந்த உடலுக்கு, இந்த ஊதுமுனையோடு, இந்த வாய்க்கு என்று மூன்றும் சேர்ந்தால்தான் ‘நல்லது’ என்ற சொல்லுக்கே பொருள் உண்டு.

நினைவு நாளில்

புதிய கழுத்தை ஒதுக்கிவிட்டு, வளைந்த பழையதை ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசென்றேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். வளைவின் நடுவில் வட்டம் நசுங்கி முட்டை வடிவாகியிருந்ததைக் காட்டினார். உள்ளே எஃகுக் குண்டு விட்டு, வெளியே மெல்லத் தட்டி, இரண்டு நாட்களில் வட்டத்தை மீட்டுக் கொடுத்தார். மெருகு ஓரிடத்தில் உரிந்தது, வடு தெரிகிறது. ஆனால், ஸ்தாயிகள் தம் இடத்துக்குத் திரும்பிவிட்டன. புதிய கழுத்துக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட அவர் கேட்கவில்லை.

நினைவு நாள் மாலையில் அண்ணனுக்குப் பிடித்த மெட்டு ஒன்றை ஊதினேன். சுருதி பிசகவில்லை. கீபோர்டு இளைஞர் தலையசைத்தார். முடிந்ததும் அண்ணியிடம் போனேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நல்லா இருந்தது, தம்பி. ஆனா இது அவர் குரல் இல்லை, உங்க குரல்” என்றார்.

2008இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டெனர் சாக்சபோன் ஊதுவோரின் வாய்க்குள் ஒலியை அளந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேர்ந்த கலைஞர்கள் மிக உயர்ந்த சுரங்களை ஊதும்போது, தம் வாய்க்கும் தொண்டைக்கும் உட்பட்ட வெளியையே அச்சுரத்துக்கு ஏற்ப இசைத்துக்கொள்கிறார்கள் என்பது அதன் முடிவு. நாணல் பட்டைக்கு அப்பால் ஒரு குழல் இருப்பதுபோல, இப்பால் இன்னொரு குழல் இருக்கிறது. பழந்தமிழில் வாய்ப்பாட்டை ‘மிடற்றுப் பாடல்’ என்பார்கள். சாக்சபோனும் ஒருவகையில் மிடற்றுப் பாடல்தான். கழுத்துகள் அங்கே இரண்டு. ஒன்றைக் கடையில் வாங்கலாம், நிமிர்த்தலாம், மாற்றலாம். மற்றொன்று அண்ணனோடு போய்விட்டது.

அண்ணியிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அவரே முந்திக்கொண்டு சொன்னார்: “அடுத்த வருஷமும் வந்து ஊதுங்க.”